யூத உயர்நிலைப் பள்ளியில் பாதி நாள் என்னதான் படிக்கிறார்கள்?

நியூஜெர்சியில் குடியிருக்கும் தமிழ் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. "பக்கத்து வீட்டு யூதப் பையன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். காலை ஏழே முக்காலுக்குள் பள்ளியில் இருக்க வேண்டுமாம், வீடு திரும்ப ஆறு மணி ஆகிறது. பாதி நாள் மதப் படிப்பு என்கிறார்கள். அது என்ன, பிரார்த்தனையை மனப்பாடம் செய்வதா? பாதி நாள் அதற்கே போனால் கால்குலஸும் வேதியியலும் எப்போது படிப்பது? இன்னொரு பக்கம், நியூயார்க்கில் சில யூதப் பள்ளிகளில் ஆங்கிலம்கூடச் சரியாகச் சொல்லித் தருவதில்லை என்று செய்தி வருகிறது. இதில் எது உண்மை?"

இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே வகைப் பள்ளியைப் பற்றியவை அல்ல. உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் போவது 'நவீன ஆர்த்தடாக்ஸ்' பள்ளியாக இருக்க வேண்டும், அதாவது சமயச் சட்டத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே பொதுக் கல்வியையும் ஏற்பவர்களின் பள்ளி. செய்தியில் வருவது புரூக்ளின் பகுதியில் சமயக் கட்டுப்பாடு மிக இறுக்கமான ஹசிடிக் சமூகத்தினரின் ஆண்கள் பள்ளிகள். இவை தவிர, சமயக் கட்டுப்பாடு அவ்வளவு இறுக்கமில்லாத யூதக் குடும்பங்களுக்கான சமூகப் பள்ளிகளும் உண்டு. அங்கே சமயப் பாடங்களுக்கு ஒதுக்கும் நேரம் குறைவு. நான் ஒன்பது வருஷம் ஒரு நவீன ஆர்த்தடாக்ஸ் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். நான் யூத மதத்தைச் சேர்ந்தவன் இல்லை. இந்தப் பள்ளிகளில் பொதுப் பாடங்களை நடத்தும் ஆசிரியர்களில் என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் உண்டு. அதனால் அந்த வகைப் பள்ளியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல முடியும். அந்தச் செய்தி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இவர்களின் பாடத்திட்டத்துக்கு இரட்டைப் பாடத்திட்டம் என்று பெயர். ஒரு பாதி 'லிமுதே கோதெஷ்', அதாவது புனிதக் கல்வி. மறு பாதி 'லிமுதே ஹோல்'. ஹோல் என்றால் சாதாரணமானது என்று பொருள். ஓய்வுநாளான ஷபாத் போக மீதி வார நாள்களையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். கணிதம், அறிவியல், ஆங்கிலம், வரலாறு எல்லாம் ஹோல் கணக்கில் வரும். பழைய பள்ளிகளில் காலை முழுக்க கோதெஷ், மதியத்துக்குமேல் ஹோல் என்று கோடு போட்டதுபோல் இருக்கும். இப்போது பல பள்ளிகளில் இரண்டையும் கலந்து அட்டவணை போடுகிறார்கள். நான் இருந்த பள்ளியில் முதல் மூன்று மணி நேரம் மட்டும் கோதெஷுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள், அதில் யாரும் கைவைக்க முடியாது. மீதியைக் கலந்துகொள்வார்கள்.

நாள் தொடங்குவது காலைப் பிரார்த்தனையோடு. பையன்கள் தோல் வாரை இடது கையில் சுற்றி, நெற்றியில் சிறு கறுப்புப் பெட்டியை வைத்துக் கட்டிக்கொள்வார்கள். தெபிலின் என்று பெயர், உள்ளே யூதர்களின் புனித நூலான தோராவின் வசனங்கள் எழுதிய தோல் சுருள் இருக்கும். இதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். அப்புறம் கையில் ஒரு பேகலோடு வகுப்புக்கு ஓடுவார்கள். நீங்கள் கேட்ட 'பிரார்த்தனை' இவ்வளவுதான், மதியம் ஒரு கால் மணி நேரம் சேர்த்து. உண்மையான படிப்பு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்தப் படிப்பின் நடுத்தூண் தல்மூத். பள்ளியில் கெமாரா வகுப்பு என்றுதான் சொல்வார்கள். ஏறத்தாழ கி.பி. 200இல் யூதா ஹநாசி என்ற அறிஞர் வாய்மொழியாக வந்த சட்ட மரபுகளைத் தொகுத்தார், அது மிஷ்னா. அதன்மேல் பாபிலோனியாவின் கல்விக்கூடங்களில் அடுத்த முந்நூறு வருஷங்களுக்குமேல் நடந்த விவாதங்கள் கெமாரா. இரண்டும் சேர்ந்தது பாபிலோனியத் தல்மூத். இரண்டு பக்கமும் அச்சான தாள்கள் 2,711. நாளுக்கு ஒரு தாள் வீதம் படித்தால் முடிக்க ஏழரை வருஷம் ஆகும், அப்படிப் படிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பள்ளியில் அவ்வளவு வேகம் கிடையாது. வருஷம் முழுக்கப் படித்து இருபது தாள் முடித்தாலே நல்ல வகுப்பு என்பார்கள்.

ஒரு தாளைக் கண்ணால் பார்த்தால் ஏன் என்று புரியும். நடுவில் மூல நூல். முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எதுவும் இல்லை. உயிர்க்குறிகளும் இல்லை, மெய்யெழுத்துகளை வைத்துக்கொண்டு எப்படி உச்சரிப்பது என்பதை வாசிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். மொழி பாதி எபிரேயம், பாதி அரமேயம். தைப்பு இருக்கும் உள்பக்கம் ரஷியின் உரை. அவர் 1040 முதல் 1105 வரை வாழ்ந்த, பிரான்சின் துருவா நகரத்துக்காரர். வெளிப்பக்கம் 'தோசபோத்', அதாவது ரஷியின் பேரர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் எழுதிய மேலுரை. அது பல இடங்களில் ரஷியோடேயே மோதும். தோசபோத்தின் நடை நமக்குப் புதிதாக இருக்காது. "இப்படிச் சொன்னால்..." என்று ஒரு தடையை எழுப்பிவிட்டு, "இப்படி விடை சொல்லலாம்" என்று முடிப்பார்கள். நம் உரையாசிரியர்களின் "என்னை எனின்" தான். இந்தப் பக்க அமைப்பை முதலில் முழுத் தல்மூதுக்கும் அச்சில் கொண்டுவந்தவர் டேனியல் பொம்பெர்க் என்ற கிறித்தவ அச்சகக்காரர், வெனிஸில், 1520 முதல் 1523க்குள். ஐந்நூறு வருஷமாக அமைப்பு மாறவில்லை. பக்க எண் இரண்டிலிருந்துதான் தொடங்கும், எந்த நூலை எடுத்தாலும் முதல் தாள் கிடையாது.

உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு பாடத்தைக் காட்டுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் பல பள்ளிகள் எடுக்கும் பகுதி, தல்மூதின் நூல்களில் ஒன்றான பாபா மெட்சியாவின் இரண்டாம் அத்தியாயம். தொலைந்த பொருளைப் பற்றியது. கண்டெடுத்த பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது தோராவில், உபாகமம் என்ற நூலில் உள்ள கட்டளை. ஆனால் மிஷ்னா ஒரு பட்டியல் தருகிறது: சிதறிக் கிடக்கும் தானியமும் பழமும், சிதறிய காசுகள், பொது இடத்தில் கிடக்கும் கதிர்க்கட்டு, அத்திப்பழ அடை, கடைக்காரன் சுட்ட ரொட்டி, சரம் கோத்த மீன் இவற்றையெல்லாம் கண்டெடுத்தவரே வைத்துக்கொள்ளலாம். காரணம், இவற்றில் 'இது என்னுடையது' என்று சொல்ல அடையாளம் இல்லை. அதனால் தொலைத்தவர் "போனது போனதுதான்" என்று மனதை விட்டுவிடுவார். அந்த மனம் விடுதலுக்கு 'யேஊஷ்' என்று பெயர்.

சரி, இங்கேதான் சிக்கல். தொலைத்தவருக்குப் பொருள் தொலைந்ததே இன்னும் தெரியவில்லை என்றால்? தெரிந்தால் நிச்சயம் மனம் விட்டுவிடுவார், ஆனால் தெரியாது. இந்த நிமிஷம் அதை எடுக்கும் ஆள் அதை வைத்துக்கொள்ளலாமா? நான்காம் நூற்றாண்டு பாபிலோனியாவின் இரண்டு பெரிய அறிஞர்கள் இதில் மோதுகிறார்கள். வைத்துக்கொள்ளலாம், எப்படியும் மனம் விடப்போகிறவர்தானே என்கிறார் ராவா. கூடாது, இந்த நொடியில் அவர் மனம் விடவில்லை என்கிறார் அபய்யே. உடனே அபய்யேக்கு எதிராக அந்தப் பட்டியலையே ஆயுதமாக எடுக்கிறது கெமாரா. "சிதறிய காசு கண்டெடுத்தவருக்கு என்கிறதே மிஷ்னா, காசு விழுந்தது தொலைத்தவருக்கு எப்படித் தெரியும்?" அதற்குப் பதில், "மனிதன் தன் பணப்பையை ஓயாமல் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பான், அதனால் இதற்குள் தெரிந்திருக்கும்." "அத்திப்பழ அடை?" "அது கனமானது. பாரம் குறைந்தால் தெரிந்துவிடும்." இப்படியே ஒவ்வொரு பொருளாகப் போகிறது. ஒரு சட்ட நூலுக்குள், மனிதன் எதை எப்போது கவனிக்கிறான் என்ற உளவியல். கடைசியில் ராவாவின் கருத்து முறியடிக்கப்படுகிறது. இந்த இருவரின் எண்ணற்ற தகராறுகளில் அபய்யே சொன்னபடி சட்டம் நிற்பது ஆறே ஆறு இடங்களில், இது அவற்றில் ஒன்று.

பதினான்கு வயதுப் பிள்ளைகள் இதைக் கற்கும் விதம்தான் என்னை இந்தப் பாடத்திட்டத்தின் பக்கம் இழுத்தது. பாட்டு மாதிரி ஒப்பிப்பது இல்லை. 'பெய்த் மித்ராஷ்' என்று ஒரு பெரிய கூடம், சுவர் முழுக்கப் புத்தக அலமாரிகள். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காருவார்கள். அந்தச் சோடிக்கு 'ஹவ்ரூதா' என்று பெயர், தோழமை என்ற அர்த்தமுள்ள அரமேயச் சொல். ஒருவன் ஒரு வரியைச் சத்தமாக வாசித்து, எங்கே கேள்வி முடிகிறது, எங்கே பதில் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பான். மற்றவன் ஒத்துக்கொள்ள மாட்டான். வேலையில் சேர்ந்த முதல் வாரம் அந்த வழியாகப் போனேன். ஒருவன் எழுந்து நின்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான், எதிரில் இருந்தவன் விரலை ஆட்டி ஆட்டிக் கத்தினான், சுற்றி நாற்பது பேர் அதே சத்தத்தில். சண்டை என்று நினைத்து உள்ளே போய்விட்டேன். "ஒன்றுமில்லை சார், இவன் ரஷி சொன்னதைத் தப்பாகப் படிக்கிறான்" என்றான் ஒருவன். அந்தக் கூடத்தில் அமைதியாக இருந்தால்தான் ஆசிரியர் கவலைப்படுவார்.

முக்கால் மணி நேரம் இப்படிச் சோடியாக முட்டி மோதிய பிறகுதான் ஆசிரியரின் பாடம். அதற்குள் ஒவ்வொருவனுக்கும் ஒரு கட்சி உருவாகியிருக்கும். தேர்விலும் வெறும் ஒப்பிப்புக்கு இடமில்லை. படித்த பகுதியிலிருந்து கேள்வி வரும், அத்தோடு முன்பு பார்க்காத நாலைந்து வரிகளைக் கொடுத்து, நிறுத்தக்குறி போட்டு விளக்கச் சொல்வார்கள். இதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒரு சர்ச்சை உண்டு. இப்போது செபாரியா என்ற இணையதளத்தில் தல்மூத் முழுவதும் ஸ்டைன்சால்ட்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலவசமாகக் கிடைக்கிறது. நோட்ஸ் வைத்துப் படிப்பது போலத்தான், பொருள் உடனே கிடைக்கும், ஆனால் மூலத்தோடு மல்லுக்கட்டும் பழக்கம் போய்விடும். சிலர் வகுப்பில் அதைத் தடை செய்கிறார்கள். சிலர், வாரக் கணக்கில் ஒரு பத்தியில் சிக்கித் தவிக்கும் பையனுக்கு வேறு என்ன வழி என்று கேட்கிறார்கள். பலவீனமான மாணவர்களைப் பார்த்த எனக்கு இரண்டாவது கட்சியில்தான் சாய்வு.

தல்மூதில் எனக்கு மிகவும் பிடித்தது, தோற்ற கருத்தை அழிக்காமல் வைத்திருப்பது. ஹில்லெல், ஷம்மாய் என்ற இரண்டு பழைய அறிஞர்களின் வழிவந்தவர்கள் மோதிய வழக்குகளில் பெரும்பாலும் ஹில்லெல் பக்கமே சட்டம் நின்றது. ஏன் என்று கெமாராவே கேட்டுப் பதிலும் சொல்கிறது: அவர்கள் எதிர்க்கட்சியின் கருத்தையும் சேர்த்துக் கற்பித்தார்கள், அதையும் தங்கள் கருத்துக்கு முன்னால் சொன்னார்கள். தீர்க்க முடியாத கேள்வி வந்தால் 'தேகூ', நிற்கட்டும், என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். இன்றைய எபிரேயத்தில் கால்பந்துப் போட்டி சமனில் முடிந்தாலும் தேகூதான்.

அடுத்த பாடம் தனாக். கிறித்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்லும் நூல்கள்தான், ஆனால் அந்தப் பெயரை யூதர்கள் சொல்வதில்லை, அவர்களுக்குப் 'புதிய' ஏற்பாடு கிடையாதே. ஆதியாகமம் முதல் ஐந்து நூல்கள் தோரா, அப்புறம் தீர்க்கதரிசிகள், அப்புறம் எழுத்துகள், மொத்தம் 24 நூல்கள் என்பது அவர்கள் கணக்கு. இங்கும் மூலத்தைச் சுற்றி உரைகள். ஒரே வசனத்துக்கு ரஷி ஒன்று சொல்ல, ஸ்பெயின் நாட்டு ராம்பான் அதை மறுக்க, இப்ன் எஸ்ரா இலக்கணத்தை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போவார். இலக்கியப் பாடமாகவே நன்றாக நடத்துவார்கள். சங்கடமான இடமும் உண்டு. தோரா பல கைகளால் எழுதித் தொகுக்கப்பட்டது என்ற பல்கலைக்கழக ஆய்வுகளை ஆர்த்தடாக்ஸ் பள்ளிகள் பெரும்பாலும் தொடுவதில்லை, சமூகப் பள்ளிகள் பல தொடுகின்றன. கல்லூரியில் முதல் முறை அதைச் சந்தித்துத் தடுமாறிய பழைய மாணவர்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். பள்ளியிலேயே, தங்களுக்கு நம்பிக்கையான ஆசிரியர் முன்னால் அதைப் பேசியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நமக்கு நெருக்கமான ஒரு சொல் இந்த வகுப்பில் வரும். 1 இராஜாக்கள் பத்தாம் அதிகாரத்தில், சாலொமோனின் கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்குகள், 'துக்கீம்' கொண்டுவந்தன என்று இருக்கிறது. துக்கீம் என்றால் மயில்கள் என்று பழைய மரபு. அந்தச் சொல் தமிழின் 'தோகை'யிலிருந்து போயிருக்கலாம் என்று கால்டுவெல் உள்படப் பலர் எழுதியிருக்கிறார்கள். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. இதை ஒரு தனாக் ஆசிரியர் ஆசிரியர் அறையில் எனக்குச் சொல்லி, அடுத்த வாரம் தன் வகுப்புக்கே அழைத்துப்போய் 'தோகை' என்று உச்சரித்துக் காட்டச் சொன்னார். பிள்ளைகள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார்கள்.

மொழிப் பாடம் தனி. பேச்சு எபிரேயம், செய்தித்தாள், சிறுகதை, கட்டுரை. எண்ணிப் பார்த்தால் இந்தப் பிள்ளைகள் தனாக்கின் எபிரேயம், மிஷ்னாவின் எபிரேயம், கெமாராவின் அரமேயம், இன்றைய இஸ்ரேலின் எபிரேயம் என்று நான்கு அடுக்குகளைக் கையாளுகிறார்கள். ரஷி உரைக்கென்று தனி எழுத்துருவும் பழக வேண்டும். சில பள்ளிகள் சமயப் பாடங்களையே எபிரேய மொழியில் நடத்தும், 'இவ்ரித் பெ-இவ்ரித்' என்று அந்த முறைக்குப் பெயர். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், இந்த இடம்தான் பலவீனமானது. பன்னிரண்டு வருஷம் படித்தும் சரளமாகப் பேச வராத பிள்ளைகள் நிறைய. வாசிக்கும் மொழி வேறு, வாழும் மொழி வேறு என்பது வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யூத வரலாறு, அன்றாட வாழ்வுச் சட்டமான ஹலாகா, இஸ்ரேல் பற்றிய பாடம் ஆகியவையும் உண்டு, வாரத்துக்குச் சில மணி நேரம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, பொதுப் பாடங்கள். எதுவும் விடுபடுவதில்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல், கால்குலஸ் வரை கணிதம், ஆங்கில இலக்கியம், அமெரிக்க வரலாறு எல்லாம் உண்டு. பல பள்ளிகளில் கல்லூரித் தரத்து ஏபி பாடங்களும் உண்டு. நியூயார்க் மாநிலத்துப் பள்ளிகளில் பல மாநிலத்தின் ரீஜென்ட்ஸ் தேர்வுகளையும் எழுதவைக்கின்றன. பரிணாமம் கற்பிக்கிறார்களா என்று பலர் என்னிடம் கேட்பார்கள். நான் இருந்த பள்ளியில் உயிரியல் ஆசிரியர் டார்வினை முழுசாகவே நடத்தினார். படைப்பு வசனங்களை எழுத்துக்கு எழுத்து எடுக்க வேண்டியதில்லை என்று சொல்ல இவர்களுக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் மைமோனிடீஸே துணைக்கு இருக்கிறார். அவர் மருத்துவர், தத்துவவாதி, சமயச் சட்டத்தைத் தொகுத்தவர், மூன்றும் ஒரே ஆள்.

நேரம் எங்கிருந்து வருகிறது? பகலை நீட்டுகிறார்கள், அவ்வளவுதான். மாலை ஐந்தே கால் வரை வகுப்பு. பாட வேளை நாற்பது நிமிஷம். அதில்கூட நாள்காட்டி கையைக் கட்டிவிடும். செப்டம்பரில் பள்ளி திறந்த கொஞ்ச நாளில் புத்தாண்டு, பாவ நிவாரண நாள், கூடாரப் பண்டிகை என்று வரிசையாக வந்து, முதல் முழு வாரம் அக்டோபரில்தான் அமையும் வருஷங்கள் உண்டு. வசந்தத்தில் ஏபி தேர்வுக்குச் சற்று முன்னால் பஸ்கா விடுமுறை வந்து நிற்கும். டிசம்பரில் நியூயார்க் பக்கம் நாலரை வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது, அதற்குமுன் வீட்டில் ஷபாத் விளக்கேற்ற வேண்டும். அதனால் குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் மதியம் ஒரு மணியோடு பள்ளி முடிந்துவிடும். வெள்ளிக்கிழமையை நம்பி நான் எந்த ஆய்வுக்கூட வேலையும் வைத்ததில்லை. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு வழக்கமாகச் சனிக்கிழமை, ஷபாத்தில் பேனா பிடிக்க மாட்டார்கள் என்பதால் இவர்களுக்கு ஞாயிறன்று தனியாக நடக்கும்.

இவ்வளவு நெருக்கடியிலும் இயற்பியல் வகுப்பு எனக்கு எளிதாகவே இருந்தது. காரணம் காலை நேரக் கெமாரா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாய்தளத்தில் உருளும் பந்தின் வேகத்தை நியூட்டன் விதிகளாலும் கண்டுபிடிக்கலாம், ஆற்றல் அழியா விதியாலும் கண்டுபிடிக்கலாம் என்று இரண்டையும் பலகையில் போட்டேன். பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, "இரண்டுக்கும் நஃப்கா மினா என்ன?" என்றாள். வகுப்பு முழுக்கத் தலையாட்டியது, எனக்குத்தான் புரியவில்லை. இரண்டு விளக்கங்கள் ஒரே முடிவைத் தந்தால் கெமாரா அத்தோடு விடாது. எந்தச் சூழ்நிலையில் இரண்டும் பிரியும், நடைமுறையில் அதனால் என்ன வித்தியாசம் என்று கேட்கும். அந்த வித்தியாசத்துக்குத்தான் நஃப்கா மினா என்று பெயர். பந்து கீழே வர எத்தனை விநாடி ஆகும் என்று கேட்டால் ஆற்றல் சமன்பாடு நேரடியாகப் பதில் தராது, நியூட்டன் விதிகள் தரும், அதுதான் வித்தியாசம் என்றேன். அன்று முதல் எந்த இரண்டு முறைகளைப் போட்டாலும் நானே அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

இன்னொரு நாள், ஆய்வுக்கூட மேசைக்கடியில் நாலாக மடித்த 20 டாலர் நோட்டு கிடந்தது. எடுத்தவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். "பணத்துக்கு அடையாளம் இல்லை, பையைத் தடவிப் பார்த்து இதற்குள் மனம் விட்டிருப்பார்கள், உனக்குத்தான்" என்றான் ஒருவன். "நாலாக மடித்திருக்கிறதே, அது அடையாளம் ஆகாதா?" என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவன், இது தெரு இல்லை, வகுப்பறை, நாளுக்கு நூறு பேர்தான் வந்துபோகிறார்கள், தொலைத்தவர் ஏன் மனம் விட வேண்டும் என்றான். பத்து நிமிஷம் நான் பாடம் எடுக்கவில்லை. அறிவிப்புப் பலகையில் தொகையைச் சொல்லாமல் எழுதிப்போட்டார்கள். முந்தைய வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, எத்தனை மடிப்பு என்று சரியாகச் சொல்லி வாங்கிப்போனாள்.

பெண்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பல நூற்றாண்டுகளாகத் தல்மூத் ஆண்களின் படிப்பாகவே இருந்தது. பாஸ்டனில் 1937இல் மைமோனிடீஸ் பள்ளியைத் தொடங்கிய ரபி யோசெஃப் சொலவைச்சிக், பெண்களும் ஆண்களோடு தல்மூத் படிக்கட்டும் என்று வைத்தார். அவர் ஆர்த்தடாக்ஸ் உலகின் மிகப் பெரிய தல்மூத் அறிஞர்களில் ஒருவர், அதனால்தான் அது நிலைத்தது. இன்று நவீன ஆர்த்தடாக்ஸ் பள்ளிகள் பலவற்றில் பெண்களும் கெமாரா படிக்கிறார்கள். கட்டுப்பாடு மிகுந்த பெண்கள் பள்ளிகளான பெய்ஸ் யாக்கோவ் மரபில் அது இல்லை, தனாக்கும் உரைகளும் சட்டமும்தான். அந்த மரபை 1917இல் கிராக்கோவில் தொடங்கியவர் சாரா ஷெனிரர் என்ற தையல்காரப் பெண்மணி.

பொதுக் கல்வியும் சமயக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் வந்தது சண்டையில்லாமல் நடந்துவிடவில்லை. இன்றைய பெலாரஸில், 1803இல் தொடங்கிய வொலோஜின் கல்விக்கூடம் அந்தக் காலத்தின் தலைசிறந்த யெஷிவா, அதாவது தல்மூத் கற்கும் இடம். ரஷ்ய அரசு விதித்த பொதுக்கல்வி நிபந்தனைகளும் ஒரு காரணமாக 1892இல் அது மூடப்பட்டது. அதற்கு முன்பே, 1853இல், ஃபிராங்க்பர்ட்டில் ரபி சாம்சன் ரஃபாயேல் ஹிர்ஷ் இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் பள்ளியைத் திறந்திருந்தார். அமெரிக்காவில் 1916இல் நியூயார்க்கில் பெர்னார்ட் ரெவெல் தொடங்கிய தல்மூதிக்கல் அகாடமிதான், ஒரே இடத்தில் தல்மூதும் முழு உயர்நிலைப் பள்ளிப் படிப்பும் தந்த முதல் பள்ளி. இன்றுள்ள நூற்றுக்கணக்கான பள்ளிகள் ஏதோ ஒரு வகையில் அந்த வழியில் வந்தவைதான்.

இந்த வழியை ஏற்காதவர்களின் பள்ளிகள்தான் நீங்கள் செய்தியில் பார்த்தவை. ஹசிடிக் ஆண்கள் பள்ளிகளில் பயிற்று மொழி, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ். சிறு வகுப்புகளில் நாளின் கடைசியில் ஒன்றரை மணி நேரம் போல ஆங்கிலமும் கணக்கும் இருக்கும். பதின்மூன்று வயதுக்குமேல் பல பள்ளிகளில் அதுவும் நின்று, நாள் முழுக்கத் தல்மூத்தான். தனியார் பள்ளியின் கல்வி அரசுப் பள்ளிக் கல்விக்கு ஏறத்தாழ இணையாக இருக்க வேண்டும் என்பது நியூயார்க் மாநிலச் சட்டம். அப்படி இல்லை என்று அங்கே படித்து வெளியே வந்தவர்களே புகார் கொடுத்தார்கள். நகர நிர்வாகம் 28 பள்ளிகளைப் பார்வையிட்டு 2019 டிசம்பரில் அறிக்கை தந்தது: இரண்டே பள்ளிகள்தான் அந்த அளவை எட்டியிருந்தன. மாநிலக் கல்வி வாரியம் 2022இல் புதிய விதிகள் கொண்டுவந்தது. பெற்றோரின் சமய உரிமையில் அரசு தலையிடலாமா என்று அதன்மேல் வழக்குகளும் வந்தன. அதே சமூகங்களில் பெண் பிள்ளைகளுக்குப் பொதுப் பாடம் கூடுதலாகவே கிடைக்கிறது, தல்மூத் கடமை ஆண்களுக்கு என்பதால்.

இதில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. ஹவ்ரூதா முறையின்மேல் எனக்கு இருக்கும் மதிப்பு சாதாரணமானது அல்ல. ஆனாலும் பதினெட்டு வயதில் வெளியே வரும் ஒருவனுக்கு வேலை விண்ணப்பத்தை நிரப்பும் அளவு ஆங்கிலம் வராவிட்டால், அவனுக்கு ஒரு கதவைத் திறந்து பத்துக் கதவுகளைப் பூட்டிவிட்டோம் என்றுதான் அர்த்தம். நாள் முழுக்கத் தல்மூத் படித்தவனின் மூளை கூர்மையானது, மற்றதைத் தானே பிடித்துக்கொள்வான் என்று சிலர் சொல்வார்கள். கூர்மை உண்மை, ஆனால் பின்னங்களைக் கூட்ட யாராவது சொல்லித்தர வேண்டும்.

இரட்டைப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் விலை இருக்கிறது. பணமாகச் சொன்னால், நியூயார்க் வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் பல இடங்களில் வருஷத்துக்கு 30,000 டாலரைத் தாண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள ஆசிரியர் குடும்பங்கள் உதவித்தொகை இல்லாமல் சமாளிக்கவே முடியாது. பிள்ளைகளுக்கோ தூக்கம் போகிறது. என் முதல் பாட வேளை சாப்பாட்டுக்குப் பிறகு, எட்டாவது பாட வேளை நாலரை மணிக்கு. அந்த எட்டாவது வேளையில் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் போராடும் முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. இசையும் ஓவியமும் ஓரத்துக்குப் போகின்றன. உலக வரலாற்றில் ஆசியா சில வாரங்களில் முடிந்துவிடும். கெமாரா பிடிக்காத பிள்ளைக்கு, நாளின் சிறந்த நேரம் முழுக்கத் தன்னால் முடியாத ஒன்றோடு போகிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகக் குறைந்த பக்கங்கள், அதிக உரையாடல் என்று தனி வகுப்புகள் வைத்த பள்ளிகள் நல்ல காரியம் செய்திருக்கின்றன.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பலர் நேரே கல்லூரிக்குப் போவதில்லை. கல்லூரியில் இடம் வாங்கிவைத்து, ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, இஸ்ரேலில் ஒரு யெஷிவாவிலோ பெண்களுக்கான செமினாரியிலோ முழுநேரம் படிக்கப் போவார்கள். தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. என் மாணவன் ஒருவன் அங்கிருந்து எழுதிய மின்னஞ்சலில், ஆறு வாரமாக ஒரே தாளில் இருப்பதாகவும் இன்னும் முடியவில்லை என்றும் சந்தோஷமாக எழுதியிருந்தான்.

பக்கத்து வீட்டுப் பையனிடம் இந்த வருஷம் எந்த நூல் படிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாபா மெட்சியா என்று சொன்னால், பேருந்து நிறுத்தத்தில் கிடந்த குடையை எடுத்துவரலாமா என்று கேளுங்கள். மடக்குக் குடையா, எந்த நிறுத்தம், மழை நின்று எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று அவன் உங்களைத் திருப்பிக் கேட்பான். கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.